வண்டலூரில் பிறந்த ரோவர்: எஞ்சினை மாற்றுவதா, விற்பதா?

ஸ்டாண்டர்டு கம்பெனி என்றதும் நம் வயதினருக்கு ஹெரால்டு கார் நினைவுக்கு வரும். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடில் பஸ்ஸில் வரும்போது பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே அந்தத் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து கடைசியாக வந்த கார் ஸ்டாண்டர்டு 2000. 1985இல் வந்தது, 1988இல் நின்றுபோனது. இன்றைக்கு அதைச் சாலையில் பார்த்தால் அதிசயம்.

அப்படி ஒன்று சிங்கப்பெருமாள் கோவிலில் என் நண்பர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அவர் தகப்பனார் 1986இல் வாங்கியது. எஞ்சினை மாற்றி ஓட வைப்பதா, அப்படியே வைத்திருப்பதா, விற்றுவிடுவதா என்று அவர் வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு. என்னிடமும் கேட்டார். நான் வாழ்நாளில் வாங்கிய வாகனங்கள் ஒரு சைக்கிளும் ஒரு மொபெட்டும்தான். ஆனால் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி வந்தால் கோப்பை முதல் தாளிலிருந்து படிப்பான். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1948இல் பதிவானது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும், மெட்ராஸில் இருந்த யூனியன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. 1949இல் வேன்கார்டு என்ற பெரிய காரைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் சின்னக் கார்கள் வந்தன. அவற்றில் பென்னன்ட் என்ற பெயரைச் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். 1961இல் ஹெரால்டு வந்தது.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். பேனட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு; முன்னால் சாய்த்துத் திறந்தால் எஞ்சின் முழுசாக வெளியே தெரியும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பார். உடம்பு வேறு, சேஸிஸ் வேறு. அந்த சேஸிஸின் நீளத்தைக் குறைத்துத்தான் இங்கிலாந்தில் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதாவது நம் ஊர் வக்கீலும் டாக்டரும் ஓட்டிக்கொண்டிருந்த குடும்பக் கார், ஒரு பந்தயக் காருக்கு உடன்பிறப்பு.

இது சோழவரத்துப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் போட்ட விமானத் தளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், ஃபியட்டோடு ஹெரால்டுகளும் ஓடின. பந்தயத்துக்கு விடும் காரை யாரும் வாங்கியபடியே விடமாட்டார்கள். எடையைக் குறைப்பார்கள், கார்புரேட்டரை மாற்றுவார்கள், ஸ்பிரிங்கைத் தாழ்த்துவார்கள். முதலில் வந்த இரண்டு கதவு ஹெரால்டுகள் எத்தனை இப்படிப் போயினவோ. பிறகு கம்பெனியே நான்கு கதவுக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு வண்டலூரில்தான் பிறந்தது. இன்று பழைய கார் பிரியர்கள் தேடுவது மாற்றப்படாத இரண்டு கதவு ஹெரால்டை. அன்றைக்கு அது வெறும் பழைய கார்.

1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனியோடு உறவு அறுந்தது. 1972இல் கேஸல் என்று ஒரு கார் வந்தது. ஹெரால்டுக்கே வேறு சட்டை தைத்துப் போட்டது. பின்பக்க அச்சை மட்டும் நம் மெக்கானிக்குகளுக்குப் பழகிய மாதிரிக்கு மாற்றியிருந்தார்கள். மிகக் குறைவாகவே செய்தார்கள். 1977இல் அதுவும் நின்றது. அதன் பிறகு சில வருஷங்கள் ஸ்டாண்டர்டு 20 என்ற வேன்தான் பிழைப்பு. பள்ளிக்கூட வேனாகவும் ஆம்புலன்ஸாகவும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி ரோவர். 1976இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்ற கார் வெளியானது. டேவிட் பேச் என்பவர் வடிவமைத்தது. ஃபெராரி டேடோனா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சாயல் அதன் மூக்கில் இருப்பதாக அன்றே சொன்னார்கள். படம் பார்த்தால் நமக்கும் தெரியும். பின்பக்கம் சரிந்து இறங்கும், டிக்கிக் கதவு கண்ணாடியோடு சேர்ந்தே மேலே தூக்கும். 1977ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசு கிடைத்தது. உள்ளே 3528 சிசி, எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சின், 155 குதிரைசக்தி. அங்கே போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் திருடனைத் துரத்த இந்தக் காரைத்தான் வைத்திருந்தார்கள். 1982இல் விட்டெஸ் என்று இன்னும் வேகமான ரகம் வந்தது, 190 குதிரைசக்தி. விட்டெஸ் என்றால் பிரெஞ்சு மொழியில் வேகம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு. வேகம் என்பதையே பெயராக வைக்கிற தைரியம்! ஆனால் பெயருக்குப் பொருத்தமாகத்தான் ஓடியது. 1984இல் ஆண்டி ரௌஸ் பிரிட்டிஷ் கார் பந்தய சாம்பியன் பட்டம் வென்றது அந்தக் காரில்தான்.

இங்கிலாந்தில் அந்தக் காருக்கு வயதாகிக்கொண்டிருந்தபோது, வண்டலூர்க்காரர்கள் அதை இங்கே செய்ய ஏற்பாடு செய்தார்கள். மாருதி வந்து ஓரிரு வருஷம் ஆன சமயம். அம்பாசடரையும் பத்மினியையும் பார்த்துச் சலித்த கண்களுக்கு முன்னால் ஃபெராரி மூக்கோடு ஒரு கார் வரப்போகிறது! பெரிய கனவு என்பதில் சந்தேகமில்லை. நம் சாலைக்காகக் காரின் உயரத்தைக் கூட்டினார்கள். உடம்பு, கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் சரி. எஞ்சின்தான் சரியாக அமையவில்லை. பிரிட்டிஷ் எஞ்சின் வராது என்று கடைசி நேரத்தில் ஆகிவிட்டது.

என்ன செய்வது? கையில் இருந்தது 1940களின் வேன்கார்டு எஞ்சின். அதைக் கொஞ்சம் திருத்தி, 1991 சிசி, சுமார் 83 குதிரைசக்தியில் உள்ளே வைத்தார்கள். பிரெஞ்சில் பிரிக்கொலாஜ் என்று ஒரு வார்த்தை உண்டு. இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. வீட்டில் குழாய் ஒழுகினால் சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டுவோமே, அது. அதைத்தான் ஒரு தொழிற்சாலையே செய்தது. 155 குதிரைக்குச் செய்த வீட்டில் 83 குதிரையைக் கட்டினார்கள். பத்திரிகைகளும் வாங்கியவர்களும் இதை மன்னிக்கவில்லை. "டிராக்டர் எஞ்சின்" என்று கேலி செய்தார்கள். இன்றும் ஸ்டாண்டர்டு 2000 என்றால் முதலில் சொல்லப்படுவது இந்தக் கேலிதான்.

கேலியில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. அந்த எஞ்சினின் முழு ஜாதகத்தைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம்.

வேன்கார்டு காருக்காக ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த எஞ்சின் அது. அதே குடும்ப எஞ்சினைத்தான் கோவென்ட்ரியில் செய்த பெர்குசன் டி.இ.20 டிராக்டர்களில் வைத்தார்கள். சாம்பல் நிறத்தில் வந்த அந்த டிராக்டர் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் தேதி தென் துருவத்தைச் சென்றடைந்தது பெர்குசன் டிராக்டர்களில். ஆக, டிராக்டர் எஞ்சின் என்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அதோடு முடியவில்லை. 1953இல் ஸ்டாண்டர்டு கம்பெனி தன் ட்ரையம்ஃப் பெயரில் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். அதில் வைத்த எஞ்சின் எது தெரியுமா? இதே வேன்கார்டு எஞ்சின். இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் ஓடுவதற்காக லைனரைச் சிறிதாக்கி 1991 சிசி ஆக்கினார்கள். இரண்டு கார்புரேட்டர், 90 குதிரைசக்தி. அந்த வருஷம் மே மாதம் பெல்ஜியத்தில் ஜபெக் என்ற இடத்து நெடுஞ்சாலையில், மணிக்கு 124 மைல் வேகத்தில் ஓடிக் காட்டினார்கள். 1954இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு டி.ஆர்.2 கலந்துகொண்டு 15ஆவதாக முடித்தது. பெரிய பெரிய கார்கள் பாதியில் உடைந்து நிற்கும் பந்தயம் அது. ஒரு நாள் முழுக்க ஓடி முடிப்பதே பெரிய காரியம்.

1991 சிசி என்ற எண்ணைக் கவனியுங்கள். வண்டலூர் காரிலும் அதே எண்தான். டி.ஆர்.2 ஏறக்குறைய 900 கிலோ. ரோவர் உடம்பு அதைப்போல ஒன்றரை மடங்கு. எஞ்சினில் இருந்த குறையைவிட, எடைக்கும் எஞ்சினுக்கும் பொருத்தம் இல்லாததுதான் கோளாறு. சின்ன மாட்டைப் பெரிய வண்டியில் பூட்டிவிட்டு மாட்டை அடித்த கதை.

அந்த எஞ்சினுக்கு இன்னொரு குணமும் உண்டு. சிலிண்டர்கள் தனித்தனி லைனர்கள். தண்ணீர் அவற்றைச் சுற்றி நேரடியாக ஓடும். தேய்ந்தால் பிளாக்கை ரீபோர் செய்ய வேண்டாம், லைனரையும் பிஸ்டனையும் எடுத்துப் புதிது போடலாம். வயலில் நிற்கும் டிராக்டரை அங்கேயே பழுதுபார்க்க வசதியாக இருந்த அமைப்பு. நாற்பது வருஷம் கழித்து, கம்பெனியே இல்லாத காலத்தில், கார் வைத்திருப்பவருக்கு இது வரம்.

விற்பனைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் விலை மாருதி 800ஐப் போலப் பல மடங்கு. பெட்ரோலும் அதிகம் குடித்தது. புதிய ஜப்பானியத் தொழில்நுட்பம் வந்திறங்கிய நேரத்தில், பழைய எஞ்சினோடு இந்தக் கார் நிற்க முடியவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் மூடியது. எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. பெருங்களத்தூரிலும் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடுகள் உண்டு.

2006இல் இடமும் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன. உள்ளே மிச்சமிருந்த உதிரிபாகங்களை, பெரும்பாலும் ஸ்டாண்டர்டு 2000 பாகங்களை, லிங்கன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வாங்கிக்கொண்டு போனது. வண்டலூரில் அடித்த தகடுகள் இங்கிலாந்தில் ரோவர்களைப் புதுப்பிக்கப் போயின. நம் நண்பருக்கு ஒரு விளக்குக் கூடு வேண்டுமென்றால், பத்து மைல் தள்ளிச் செய்ததை லிங்கனிலிருந்து வரவழைக்க வேண்டும்!

இப்போது நண்பரின் கேள்வி. அவருடைய மகன் பெங்களூரில் வேலை. அவன் சொல்வது: "அப்பா, இந்த உடம்பு எட்டு சிலிண்டருக்குச் செய்தது. அந்த எஞ்சின் கச்சிதமாக உட்காரும். அதைப் போட்டால்தான் இது நிஜமான ரோவர்." பட்டறைக்காரர் சொல்வது வேறு: "சார், ஒரு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏத்திடலாம். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டினாங்க. செலவு கம்மி, மைலேஜ் கிடைக்கும்." மூன்றாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து பழைய கார் சேர்க்கும் ஒருவர், இருக்கிறபடியே கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். நண்பரின் மனைவிக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆக வேண்டும். அதனால் இது பொழுதுபோக்கு விவாதம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட் போன்ற சில வழிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அழுத்திச் சொல்லிவிட்டது. "எல்லாரும் பண்றாங்க சார்" என்பது பட்டறையில் செல்லும், ஆர்.டி.ஓ. கவுண்டரில் செல்லாது.

இதைவிட முக்கியமானது 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துக்கள் வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினசரி காய்கறி வாங்கப் போக முடியாது. நிபந்தனை ஒன்று: வண்டி ஆதி உருவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. நண்பரின் கார் 1986. அது 2036இல் ஐம்பது தொடும். இன்றைக்கு எட்டு சிலிண்டரையோ டீசலையோ ஏற்றினால் அந்தக் கதவு அன்றைக்குத் திறக்காது.

அதுவரை வைத்திருப்பதும் இலவசம் இல்லை. பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் போனது. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. இப்போது 20 சதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் அதில் ஊறி வீணாகும். நண்பர் குழாய்களையெல்லாம் மாற்றிவிட்டார். கடினமான வால்வு இருக்கை போட்டால் இன்னொரு தலைமுறை ஓடும் என்று செங்கல்பட்டு லேத் பட்டறைக்காரர் பார்த்துச் சொன்னார்.

நான் நண்பரிடம் சொன்னது இதுதான். மகன் நினைப்பது போல எட்டு சிலிண்டரைப் போட்டால் அது நிஜ ரோவர் ஆகாது. நிஜ ரோவர் இங்கிலாந்தில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன; அவற்றோடு ஒப்பிட்டால் இது ஒரு நகல்தான் ஆகும். ரோவர் உடம்புக்குள் வேன்கார்டு எஞ்சின் என்ற விசித்திரம் உலகத்தில் வண்டலூரைத் தவிர வேறெங்கும் நடக்கவில்லை. உயர்த்திய ஸ்பிரிங்கும் அப்படித்தான். நாம் குறை என்று நினைப்பதுதான் இந்தக் காரின் அடையாள அட்டை. தொழிற்சாலை போய்விட்டது, மதில் போய்விட்டது, உதிரிபாகம் கூட லிங்கனுக்குப் போய்விட்டது. 1985இல் பெருங்களத்தூரில் சில நூறு பேர் எதை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு, இந்த பேனட்டுக்குக் கீழே இருப்பது சாட்சி.

"அப்போ விற்கக் கூடாதுங்கறீங்களா?" என்று கேட்டார்.

அப்படிச் சொல்லவில்லை. விற்றால் கார் கை மாறும், அவ்வளவுதான். எஞ்சினை எடுத்தால் கார் போய்விடும். இரண்டும் ஒன்றல்ல. முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக் காரைக் கட்டிக்கொண்டு அழச் சொல்ல நான் யார்? கேட்பவர் இருக்கிறபடியே கேட்கிறார். பட்டறைக்காரர் யோசனைப்படி டீசல் போட்ட பிறகு இதே ஆள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதனால் மாற்றத்துக்குச் செலவு செய்து விலையைக் குறைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் வாதாடினான். டி.ஆர்.2 கதையைச் சொன்னேன். "லெ மான் ஓடின எஞ்சினா இது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஓட்டுவதற்குச் சுகமாக இருக்காதே அங்கிள் என்றான். இருக்காதுதான். வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது லாரி முந்திக்கொண்டு போகும்.

நண்பர் தம்பதி பேசி முடிவெடுத்துவிட்டார்கள். வால்வு இருக்கை வேலையை முடித்து, ஓடுகிற நிலையில், எதையும் மாற்றாமல் கோயம்புத்தூர்க்காரருக்குக் கொடுப்பது. என் பங்குக்கு அவர் தகப்பனாரின் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். டெலிவரி சலான், முதல் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் புத்தகம், 1987இல் சைலன்சர் மாற்றிய ரசீது, கம்பெனி கொடுத்த கையேடு. மொத்தம் 64 தாள், பக்க எண் போட்டு, நூல் கோத்து, அட்டை போட்டாயிற்று. எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி முதல் தாளாக இருக்கிறது. வாங்குபவர் தை மாதம் டிரெய்லரோடு வருகிறார்.